சின்ன எழுத்தில் பாலிஷ்

அந்தச் சரக்குக் கிடங்கில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். ஒன்று பேப்பரில் இருப்பது. மற்றது சுமை ஏற்றுகிறவர்கள் வைத்தது. கந்தக அமிலத்துக்கு அங்கே மாமியார் என்று பெயர். மேலே தண்ணீரை ஊற்றினால் சீறுமாம். கண்ணில் நீர் வரவழைக்கிற அம்மோனியாவுக்கு அழுகுணி. நிறமும் மணமும் இல்லாமல் உருளைக்குள் சாதுவாக நின்றுகொண்டு, பூட்டிய அறையில் கசிந்தால் ஆளையே சாய்த்துவிடும் நைட்ரஜனுக்கு ஊமைக் குசும்பன். "மாமியாரைத் தள்ளி வைங்கடா, அழுகுணி பக்கத்துல வேணாம்!" என்று மேஸ்திரி காலையில் கத்துகிற கத்தலைக் கேட்டால், தெருவில் போகிறவர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

சரக்குக்கே இந்தக் கதி என்றால் மனிதர்களை விட்டுவிடுவார்களா? வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தீப்பிடிக்கிற, அரிக்கிற, வெடிக்கிற சரக்குகளின் பேப்பரைச் சரிபார்ப்பவளுக்குப் பேப்பரம்மா என்று பெயர். அவள் கையெழுத்து இல்லாமல் அந்த மாதிரிச் சரக்கு ஒரு டிரம்கூட வாசலைத் தாண்டாது. அவளுக்கு லீவு என்றால் அந்த நாற்காலியில் உட்காருகிற ஆளுக்குச் சரிசார் என்று பெயர். யார் எதை நீட்டினாலும் "சரி சார்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். சரக்கு அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் பேப்பரம்மா எப்போது லீவு போடுவாள் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

அவள் வேலை கேட்பதற்குச் சுலபம். மேசைமேல் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் இருக்கும். உலகத்தில் ஆபத்தான சரக்கு என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ அதற்கெல்லாம் அதில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. பேப்பரில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். கம்பெனிக்காரன் ஆசைப்பட்டு வைத்த பெயர், கடையில் கேட்டு வாங்குகிற பெயர், மேஸ்திரி வைத்த பெயர் எதுவும் செல்லாது. வழியில் லாரி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ, ஓடிவருகிற தீயணைப்புக்காரன் முதலில் பார்ப்பது அந்தப் பேப்பரைத்தான். தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா, ஊரைக் காலி செய்வதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் முடிவாகும். அந்த வரியில், பெற்ற தகப்பனே வந்து கேட்டாலும் பேப்பரம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள்.

தகப்பன் வரவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தூறலில் நனைந்துகொண்டு ஒரு குள்ள மனிதர் வந்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையும் கருஞ்சிவப்பாகச் சாயம் ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சாயம். பேப்பரைக் கண்ணாடித் தடுப்பின் கீழே தள்ளினார்.

பேப்பரம்மா படித்தாள். நிமிர்ந்தாள்.

"முகக்கண்ணாடின்னு போட்டிருக்கு. கண்ணாடிக்கு எதுக்குங்க ஆபத்துச் சரக்குப் பேப்பர்?"

"கண்ணாடி இல்லம்மா. பாலிஷ். மரத்துக்குப் போடுறது. போட்டா அதுல மூஞ்சி தெரியும். அதனால முகக்கண்ணாடி. நான் வெச்ச பேரு."

சொல்லிவிட்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு சின்ன மரத்துண்டை எடுத்து நீட்டினார். பேப்பரம்மா வாங்கிப் பார்த்தாள். மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் தண்ணீருக்கடியில் தெரிகிற மாதிரித் தெரிந்தது. அதற்கு மேலே அவளுடைய முகமும், காதோரம் சாயம் போன நரை உட்படத் தெரிந்தது.

"நல்லா இருக்குங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள். "பக்கத்துல தீக்குச்சி கிழிச்சா?"

"பிடிக்கும். ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கும்மா. பிடிக்காம என்ன செய்யும்?"

"அப்ப பேரை மாத்தணும்." புத்தகத்தைப் பிரித்து விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினாள். "இதோ. பெயிண்ட்."

அந்த மனிதரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன சொன்னீங்க?"

"பெயிண்ட்."

"அம்மா, நான் முப்பது வருஷமா பாலிஷ் பண்றேன். பெயிண்ட் மரத்தை மறைக்கிறது. பாலிஷ் மரத்தைக் காட்டுறது. உளுத்த மரம், ஓட்டை மரம், ஒட்டுப்போட்ட மரம், எல்லாத்தையும் மூடி மறைக்கிற திருட்டு வேலை அது! எங்க வாசல்ல போர்டே வெச்சிருக்கேன், 'இங்கே பெயிண்ட் கிடையாது'ன்னு. என் சரக்கைப் போய்..."

"நான் சொல்லலைங்க. புக்கு சொல்லுது. பாருங்க, பெயிண்ட்னு பெரிய எழுத்துல போட்டு, அதுக்குக் கீழ வார்னிஷ், அரக்கு, பாலிஷ் எல்லாம் இதுலயே அடக்கம்னு போட்டிருக்கான். பெரிய எழுத்துல இருக்கிறதுதான் பேரு. சின்ன எழுத்துல இருக்கிறது விளக்கம். பேப்பர்ல பெரிய எழுத்தைத்தான் எழுதணும்."

பாலிஷ்காரர் கண்ணாடித் தடுப்பில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"சின்ன எழுத்துலயா போட்டிருக்கான் என் தொழிலை?"

"எழுத்துல என்னங்க இருக்கு?"

"எழுத்துல ஒண்ணும் இல்லைன்னா என் பேப்பரை ஏன் திருப்பி அனுப்புறீங்க?"

பேப்பரம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மடக்கிவிட்டோம் என்ற தெம்பில் பாலிஷ்காரர் குரலைத் தணித்தார். "சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பெயிண்ட்னு எழுதுங்க. பக்கத்துலயே, 'ஆனால் இது பெயிண்ட் அல்ல'ன்னு ஒரு வரி போட்டுடுங்க."

"பேரு பெயிண்ட், ஆனா பெயிண்ட் இல்லைன்னு எழுதினா படிக்கிறவன் என்னங்க பண்ணுவான்? வேணும்னா கீழ தனி வரியில உங்க முகக்கண்ணாடியைப் போட்டுக்கலாம். அதுக்கு இடம் இருக்கு. பேரு பேருதான்."

அந்த நேரம் பார்த்தா மேஸ்திரி வர வேண்டும்? வாசலில் நின்று எட்டிப்பார்த்து, "ஏம்மா, அந்தப் பெயிண்ட் டிரம்மையெல்லாம் எந்தப் பக்கம் இறக்கச் சொல்றது?" என்று கேட்டான். பின்னால் நின்ற சுமைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பேப்பரம்மாவும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. அவள் வாயைத் துடைத்துக்கொள்வதற்குள் பாலிஷ்காரர் மரத்துண்டைப் பிடுங்கித் துணியில் சுற்றினார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள துறைமுகத்துக்குச் சரக்குப் போகணும். மொதமொதல்ல கடல் தாண்டிப் போகுது. போகும். பாலிஷ்னுதான் போகும். இந்தத் தாடகைகிட்ட மாட்டிக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே தூறலில் இறங்கிப் போய்விட்டார்.

"தாடகையாம்," என்றாள் பேப்பரம்மா மேஸ்திரியிடம். அவளுக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அன்று சாயங்காலம் வரை பிடித்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் கணவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே கிடங்கில் லாரி ஓட்டுகிறவர்தான். லோடு இல்லாத நாட்களில் சமையல் அவருடையது. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு. காயாத துணிகளைக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்ததால் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. மரச்சாமான் கடையில் கணக்கு எழுதுகிற மகள், அங்கே வந்துபோகிற ஒரு பையனை விரும்பினாள். பையனைப் பேப்பரம்மா இரண்டு முறை பார்த்திருக்கிறாள், தங்கமான பையன். அவனுடைய உயரம், படிப்பு, கோபம் வந்தால் என்ன செய்வான், தூக்கத்தில் குறட்டை விடுவானா என்பதுவரை மகளைக் குடைந்து கேட்டிருக்கிறாள். அப்பா என்ன செய்கிறார் என்றதற்கு, "சின்னதா ஃபேக்டரி வெச்சிருக்காங்கம்மா" என்று மகள் சொன்னாள். டிரம்மில் வருகிற ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர் கேட்கிறவள், என்ன ஃபேக்டரி என்று கேட்காமல் விட்டுவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும்.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஆபீஸ்ல யார்கூடயாவது சண்டை போட்டியா?"

"இன்னிக்கு யார்கூட போடலைன்னு கேளு. சீக்கிரம் சொல்லிடலாம்."

"விளையாடாதம்மா. குள்ளமா, கையெல்லாம் சாயமா ஒருத்தர் வந்தாரா?"

"வந்தாரு. பாலிஷ்காரர். பெரிய வீம்புக்காரன். என்னைத் தாடகைன்னு சொல்லிட்டுப் போனான்டி!"

மகள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவங்கதாம்மா அவரோட அப்பா."

பேப்பரம்மாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கணவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். ஏற்கெனவே கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்ததால் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

"சிரிக்காதீங்க!"

"நான் எங்க சிரிச்சேன்? வெங்காயம்."

"அங்க வீடே ரெண்டுபட்டுக் கிடக்காம்," என்றாள் மகள். "வந்ததுலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்காராம். 'முப்பது வருஷம் கட்டிக் காத்த மானத்தை ஒரு பொம்பளை ஒத்தை வார்த்தைல கழுவி ஊத்திட்டா'ன்னு புலம்பறாராம். அது என் அம்மாவா இருக்குமோன்னு இவருக்குச் சந்தேகம், எனக்கு போன் பண்ணாரு. எனக்குச் சந்தேகமே இல்ல. கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"நான் வேலையைத்தான்டி பார்த்தேன்."

"சிரிச்சியாமே?"

"மேஸ்திரி சிரிக்க வெச்சுட்டான்," என்றாள் பேப்பரம்மா ஈனக் குரலில்.

"அம்மா, ஒரு வார்த்தை. பாலிஷ்னு போட்டா என்ன ஆகிடும்? அது பாலிஷ்தானே? பொய்கூட இல்லையே!"

"பொய் இல்லடி. பேர் இல்ல. உன்னை நான் குட்டின்னு கூப்பிடுறேன். ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா சீட்டுல குட்டின்னா எழுதுவாங்க? குட்டின்னு எழுதினா யாரோட மருந்தை யாருக்குக் குடுப்பாங்க?"

"நான் டிரம் இல்லம்மா."

"உன் அப்பா ஓட்டுற லாரிலதான்டி அந்த டிரம் போகுது!"

கணவர் சட்டியை அடுப்பில் வைத்தார். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டார். பிறகு அவர் மெதுவாக ஒரு வழி சொன்னார்.

"நாளைக்கு நீ லீவு போட்டுடேன். சரிசார் உக்காருவாரு. பாலிஷோ, பாயசமோ, அவர் கையெழுத்துப் போட்டுடுவாரு. உன் கையும் சுத்தம், சம்பந்தமும் பத்திரம். பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் பேப்பரம்மாவுக்கு உடனே மறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பெண் சின்ன வயதிலிருந்தே எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டது இந்தப் பையன் ஒருவனைத்தான். லீவு போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. உடம்பு சரியில்லை என்றால் முடிந்தது. பேப்பரம்மா உண்மையாகவே மதில் மேல் பூனையாகத்தான் இருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"நான் லீவு போட்டா பேப்பர் மாறிடுமா?" என்றாள் கடைசியில். "அதே பேப்பர்தானே உங்க லாரிக் கதவுப் பையில இருக்கப் போகுது? வேற வண்டின்னா விட்டிருப்பேனோ என்னமோ தெரியல. இல்ல, அதுவும் விட்டிருக்க மாட்டேன். அந்த வண்டிக்கும் ஒருத்தி வீட்டுல காத்துக்கிட்டுத்தானே இருப்பா."

மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்சம் ஓங்கித்தான் சாத்தினாள்.

மறுநாள் தூறல் விட்டு வெயில் அடித்தது. கிடங்கின் முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து வண்ண வண்ணமாக மின்னியது. டிரம்களையெல்லாம் லாரியில் ஏற்றி, ஆடாமல் கட்டையடித்துக் கட்டி, மேலே தார்ப்பாயும் இழுத்தாயிற்று. பேப்பர் மட்டும் பாக்கி. மேனேஜர் ஒருமுறை எட்டிப்பார்த்து, "ஒரு வார்த்தைதானேம்மா," என்றார். எல்லோரும் அதையே சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பேப்பரம்மாவுக்கு அலுத்துவிட்டது. "ஆமா சார், ஒரு வார்த்தைதான். அவரே எழுதிட்டாப் போச்சு," என்றாள்.

பாலிஷ்காரர் மகனோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பூசிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பின்னால் பையன் பேப்பரம்மாவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை அசைத்தான்.

"வணக்கம் சம்பந்தியம்மா. நேத்து ஆள் தெரியாம ஏதோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, நானும்தாங்க. சிரிச்சது தப்பு. அதுக்கு மன்னிச்சுடுங்க."

"குடும்பம்னா அப்படித்தான். அப்ப எழுதிடலாமா?"

"எழுதிடலாங்க."

"பாலிஷ்னு?"

"பெயிண்ட்னு."

பூசிய சிரிப்பு உரிந்தது. "சம்பந்தியா ஆகப்போறவங்கன்னு பார்த்தா..."

"சம்பந்தின்னாத்தான் இன்னும் கண்டிப்பாப் பார்க்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா, சொந்தக்காரங்கன்னு விட்டுட்டான்னு உங்களையும் சேர்த்துத்தானே பேசுவாங்க?"

"அப்ப நானும் சொல்றேன். நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றதைப் பத்தி நாங்க யோசிக்கணும்."

"அப்பா!" என்றான் பையன்.

"நீ சும்மா இருடா. இவங்களுக்கு மட்டும்தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால் இருக்குமா? என் முயலுக்கும் மூணு கால்தான்!"

பேப்பரம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க வரலைன்னா எம்பொண்ணு அழுவாங்க. அவ அழுதா நானும் அழுவேன். எனக்கு உங்க பையனை அவ்வளவு பிடிச்சிருக்கு. அதுக்காக, பேர் தப்பா எழுதின பேப்பர்ல என்னால கையெழுத்துப் போட முடியாது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

பாலிஷ்காரர் சாயம் ஏறிய கையால் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். அப்போதுதான், வண்டியைத் தயாராக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் கணவர் உள்ளே வந்தார். சம்பந்தியைப் பார்த்து வணங்கினார். மேசைமேல் கிடந்த, திருப்பியனுப்பிய பேப்பரை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"முகக்கண்ணாடியா? அட, இது உங்க சரக்கா! நான் இதை ஏத்திட்டுப் போயிருக்கேனே!"

"எங்க சரக்கையா? எப்போ?" பாலிஷ்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"இந்தக் கிடங்குக்கு வர்றதுக்கு முன்னாடி. மூணு நாலு வருஷம் இருக்கும். சில்லறை லோடு அடிக்கிற வண்டி ஓட்டிட்டு இருந்தேன். அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா வரும், பெட்டி மேல பெருசா முகக்கண்ணாடின்னு போட்டிருக்கும். சீட்டுலயும் அதேதான். மூணு நாலு வாட்டி எடுத்துட்டுப் போயிருக்கேன், மலைப்பாதையில."

"ஆமா, ஆமா! அப்பல்லாம் தகர டப்பாவுல அடைச்சுப் பெட்டில போட்டு அனுப்புவோம். பார்த்தீங்களா சம்பந்தியம்மா, அப்ப ஒரு பேப்பரும் கேக்கல. நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சு."

"சேராம?" என்றார் டிரைவர் பெருமையாக. "கண்ணாடியாச்சே, உடைஞ்சுடக் கூடாதேன்னு எவ்வளவு பதமா ஓட்டினேன் தெரியுமா? ஒவ்வொரு பள்ளத்துலயும் பிரேக்கு. வளைவுல ஆமை மாதிரி ஏறுவேன். ராத்திரி முழுக்க உருட்டணும், தூக்கம் வரும். ஒண்ணு மாத்தி ஒண்ணு சிகரெட்டைப் பத்த வெச்சுக்கிட்டு..."

அவருக்கே வாய் நின்றுவிட்டது.

வெளியே மேஸ்திரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"பெட்டியை எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் பாலிஷ்காரர். குரலே மாறியிருந்தது.

"பின்னால கொஞ்சம். இடம் பத்தலைன்னு..." டிரைவர் எச்சில் விழுங்கினார். "மிச்சத்தை என் சீட்டுக்குப் பின்னாடி. உடையாம இருக்கட்டும்னு போர்வையால சுத்தி வெச்சிருந்தேன். ஒரு மாதிரி வாசனை அடிச்சுது. புதுக் கண்ணாடி வாசனை போலன்னு நெனைச்சேன்."

புதுக் கண்ணாடிக்கு ஏது வாசனை? சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பேப்பரம்மாவுக்கு அந்த மலைப்பாதையும், போர்வையும், வாயில் கங்கு மினுக்க வளைவில் ஆமையாக ஏறுகிற தன் புருஷனும் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள். அந்த ராத்திரிகளில் அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். கண்ணாடி லோடு, நிதானமாகத்தான் வருவார் என்று. நல்ல காலம், அதற்குப் பின்னாலேயே கோபமும் ஏறியது.

"சிகரெட்டா?" என்றாள். "பொண்ணு பொறந்தப்பவே விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே! மூணு வருஷத்துக்கு முன்னால எப்படி வந்துச்சு சிகரெட்டு?"

"அது... இப்ப இல்லம்மா. இப்ப நிஜமாவே விட்டுட்டேன்."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்!"

பையன் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்து, முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாலிஷ்காரர் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"என் சரக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சுன்னு முப்பது வருஷமா நெனைச்சுட்டு இருந்தேன்," என்றார். "இந்த மாதிரிப் போயிருக்கு." டிரைவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த மனிதரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். "பெயிண்ட்னு போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சிகரெட்டை வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பேங்க. சீட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கவே மாட்டேன். பெயிண்டு தீப்பிடிக்கும்னு யாருக்குத் தெரியாது?"

பாலிஷ்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, தடுப்பின் கீழே கையை நீட்டி, "புதுப் பேப்பர் குடுங்கம்மா," என்றார்.

பேப்பரம்மா கொடுத்தாள். அவர் சாயம் ஏறிய விரல்களால் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புத்தகத்திலிருந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் பெரிய எழுத்தில் பெயிண்ட் என்று எழுதினார். மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கிறவன் முகம்கூட அவ்வளவு உருக்கமாக இருக்காது. கீழே, மேற்படிச் சரக்கின் பெயரை முழுதாகவும் சரியாகவும் சொல்லியிருக்கிறேன் என்று அச்சடித்திருந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"கீழ ஒரு வரி காலியா இருக்குங்க," என்றாள் பேப்பரம்மா. அவளுக்கு இப்போது அந்த மனிதர்மேல் மனம் இளகிவிட்டது. "முகக்கண்ணாடின்னு போட்டுக்கலாம். சட்டப்படி தப்பில்ல. நானே எழுதித் தர்றேன்."

"வேணாம்மா. படிக்கிறவன் அவசரத்துல இருப்பான். ஒரு பேர் போதும்."

பேப்பரம்மா தன் கையெழுத்தையும் போட்டாள். டிரைவர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற கதவுப் பையில் சொருகினார். பாலிஷ்காரரும் பின்னாலேயே போய், சொருகியாயிற்றா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். லாரி வாசலைத் தாண்டித் தெருமுனை திரும்பும் வரை வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பையன், அவனுடைய அம்மா, பாலிஷ்காரர். காயாத துணியெல்லாம் அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போயிருந்ததால் கூடத்தில் யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை இரவு கதவைச் சாத்தியவள் சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் மட்டும் சிகரெட்டுக்காக இன்னும் பேசவில்லை. அவர் ஒரு மூலையில் குற்றவாளி மாதிரிப் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேப்பரம்மாவின் நாத்தனார் வந்திருந்தாள். கட்டிய வீட்டுக்குக் குற்றம் சொல்வதிலேயே காலம் தள்ளியவள். தம்பி மகளை எப்பேர்ப்பட்ட இடத்தில் கொடுக்கிறார்கள் என்று தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்திருந்தாள். நடந்த கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பாலிஷ்காரரின் கைகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமா, மாப்பிள்ளை வீட்டுல என்ன தொழில்?"

கூடத்தில் தேநீர் உறிஞ்சும் சத்தமெல்லாம் நின்றது. பையன் காலைப் பார்த்தான். மகள் கூரையைப் பார்த்தாள். பாலிஷ்காரர் பேப்பரம்மாவைப் பார்த்தார். பேப்பரம்மா அவரைப் பார்த்தாள்.

"பெயிண்டுங்க," என்றார் அவர்.

"பாலிஷ் அண்ணி," என்றாள் அவள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

"என்ன இது? ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க?"

"சம்பந்தியம்மா சொன்னா சரியா இருக்கும்னு..." என்று இழுத்தார் பாலிஷ்காரர்.

"இல்ல அண்ணி, அவர் தொழில் அவருக்குத் தெரியாதா? அது வெறும் பேப்பருக்கு. இவர் பண்றது பாலிஷ். நீங்க பார்க்கணுமே, மூஞ்சி தெரியும்!"

"இருக்கட்டும்மா, பெயிண்ட்னே சொல்லுங்க. அதுதான் எல்லாருக்கும் புரியும்."

"நீங்க சும்மா இருங்க. என் வீட்டுல வந்து உங்க சரக்கைப் பெயிண்ட்னு சொல்ல நான் விட்டுடுவேனா?"

"நான் எழுதிக் கையெழுத்தே போட்டாச்சும்மா!"

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் எத்தனையோ சம்பந்தங்களைப் பார்த்தவள். சொந்தமாகிவிட்டவர்கள்தான் இப்படிச் சண்டை போடுவார்கள் என்பது நன்றாகத் தெரிந்தவள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போதும், போதும். கல்யாணத்துக்கு முன்னாடியே சம்பந்திங்க சண்டையை ஆரம்பிச்சுட்டீங்க. இதுக்கு மேல ஒத்துவருமான்னு நான் என்னத்தைக் கேக்குறது?" என்று தம்பி பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தப் பிஸ்கட்டை வெச்சுட்டு வந்து உக்காரு. தேதியைப் பேசுவோம்."